பனியன் கம்பெனிக்கு எடிட்டர் தேடிய கதை

பனியன் கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்க்கிற வேலை என்பது, ஃபேன் ஓடாவிட்டாலும் உங்களைத்தான் கூப்பிடுவார்கள் என்று தெரிந்தே சேருகிற வேலை. இதைப் படிக்கிறவர்களில் யாராவது அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களாக இருந்தால், கொஞ்சம் நகர்ந்து எனக்கும் இடம் கொடுங்கள். நம் வலி நமக்குத்தான் தெரியும்.

நான் சாத்தான்குளத்துப் பக்கம். கம்ப்யூட்டர் படித்துவிட்டு, திருப்பூர் அவிநாசி ரோட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில், கம்ப்யூட்டர் செக்‌ஷனுக்கு இ.டி.பி. இன்சார்ஜ் என்ற பெரிய பட்டத்தோடு சேர்ந்தேன். என் செக்‌ஷனில் என்னைத் தவிர யாரும் கிடையாது என்பதால், இன்சார்ஜ் ஆவதில் போட்டி இல்லை. இரண்டாயிரத்து எட்டு வாக்கில், எழுதி வைப்பதற்கு ஒரு சாப்ட்வேர் தேடச் சொல்லி என்னை ஏவிவிட்டார்கள். அந்தப் பாட்டைத்தான் இங்கே சொல்கிறேன்.

தலைக்குள் இருந்த பையர்

எங்கள் பெரிய பையர், அதாவது எங்களிடம் ஆர்டர் கொடுத்து வாங்குகிறவர், ஜெர்மனிக்காரர். அவருக்குக் கழுத்துப் பட்டை எவ்வளவு அகலம் இருந்தால் பிடிக்கும், எந்தச் சிவப்பைப் பார்த்தால் முகம் சுளிப்பார், லேபிளை எங்கே தைத்தால் சண்டைக்கு வருவார் என்பதெல்லாம் ஒரே இடத்தில் பத்திரமாக இருந்தது. அந்த இடம் சீனியர் மெர்ச்சண்டைசர் செந்திலின் தலை. மெர்ச்சண்டைசர் என்றால், பையருக்கும் தையல் செக்‌ஷனுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிறவர். செந்தில் திட்டு வாங்குவதில் கைதேர்ந்தவர். இவர்கூட இல்லாவிட்டால் யாரைத் திட்டுவது என்று அந்த ஜெர்மனிக்காரரே ஏங்குகிற அளவுக்குக் கைதேர்ந்தவர்.

திருப்பூரில் ஒரு வழக்கம் உண்டு. தீபாவளி போனஸ் வாங்கிய கையோடு ஆட்கள் எதிர்க் கம்பெனிக்கு மாறிவிடுவார்கள். டெய்லர் போனால் இன்னொரு டெய்லர் வருவார். மெர்ச்சண்டைசர் போனால் அவர் தலை போகும், தலைக்குள் இருக்கிற பையரும் கூடவே போவார். அந்த வருஷம் செந்தில் கிளம்பப் போகிறார் என்று டீக்கடையில் வடை சுடுகிறவர் வரைக்கும் தெரிந்திருந்தது. முதலாளி என்னைக் கூப்பிட்டார். செந்தில் தலையில் உள்ளது எல்லாம் தீபாவளிக்குள் கம்ப்யூட்டருக்கு வந்துவிட வேண்டும் என்றார்.

"எதுல சார் எழுதச் சொல்ல? நம்ம கம்ப்யூட்டர் எல்லாத்துலயும் இருக்கது ஒரே சிடியில இருந்து போட்டது. பையரோட ஆடிட்காரங்க லைசென்ஸ் கேட்டா மாட்டிக்கிடுவோம்" என்றேன். காசு கொடுத்து வாங்கலாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள் அவர் கையை உயர்த்திவிட்டார். ஓசியாகவும் இருக்க வேண்டும், நேர்மையாகவும் இருக்க வேண்டுமாம்.

அப்போதுதான் ஊரிலிருந்து அப்பாவையும் அம்மாவையும் கூட்டிவந்து அனுப்பர்பாளையத்தில் வாடகைக்கு வீடு பிடித்திருந்தேன். அம்மா வாசலில் ரோஜாத் தொட்டிகூட வாங்கி வைத்துவிட்டாள். இந்த வேலை போனால் மூன்று பேரும் மூட்டை கட்ட வேண்டியதுதான். "முடியலேன்னா என்ன சார் ஆகும்?" என்று கேட்டுவிட்டேன். கொங்கு மரியாதை கொஞ்சமும் குறையாமல் முதலாளி சொன்னார்: "ஒண்ணும் ஆவாதுங்க அம்மிணி. செந்தில் போறப்ப வண்டியில பின்னால எடமிருக்கும், நீங்களும் உக்காந்துக்கங்க."

பேட்டர்னையும் சேர்த்துக் கொடுக்கிறவர்கள்

ஓசியும் நேர்மையும் ஒன்றாகச் சேருகிற இடம் உலகத்தில் ஒன்றுதான் உண்டு. அதன் பெயர் ஓபன் சோர்ஸ். அதிலேயே டெக்ஸ்ட் எடிட்டர் என்று ஒரு வகை. கலர், படம், அலங்காரம் எதுவும் கிடையாது. எழுதலாம், அடுக்கி வைக்கலாம், தேடலாம். குறிப்பு வைத்துக்கொள்ள அதைவிட வேறென்ன வேண்டும்? இதை முதலாளிக்கு விளக்கப் போனேன். ஊர் உலகத்தில் இருக்கிற புரோகிராம் எழுதுகிறவர்கள் சேர்ந்து செய்வார்கள், இலவசமாகக் கொடுப்பார்கள், உள்ளே எப்படிச் செய்திருக்கிறார்கள் என்பதையும் திறந்து காட்டிவிடுவார்கள் என்றேன்.

முதலாளி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். திருப்பூரில் ஒரு டி-ஷர்ட்டை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் அதை வெட்டுவதற்கு வைத்த அளவுத் தாளை, அதாவது பேட்டர்னை, பக்கத்து டேபிள்காரர்கூடப் பார்க்க முடியாது. பேட்டர்ன் மாஸ்டர் அதைச் சுருட்டிப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாணில் கட்டிக்கொள்வார். முதலாளி கவலையோடு சொன்னார்: "பீஸையும் சும்மா குடுத்து, பேட்டர்னையும் சும்மா குடுக்கறாங்கன்னா, அவுங்க ஊட்டுல ஏதோ செரியில்லீங்க. நாம எதுக்கும் சீக்கிரமா வாங்கிப்போடலாம்."

கேட்டில் நின்ற சாப்ட்வேர்

ஆபீஸ் இன்டர்நெட்டில் பையரின் மெயில் வந்து சேருவதே பெரிய விஷயம். அதனால் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, நன்றாகத் தேடி மூன்று எடிட்டர்களை இறக்கி, ஒரு சிடியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். கேட்டில் செக்யூரிட்டி தங்கவேலு அண்ணன் மறித்தார். பனியன் கம்பெனிக்குள் ஒரு நூல்கண்டு வந்தாலும் அதற்கு சலான் வேண்டும், உள்ளே வந்ததாக இன்வர்ட் நோட்டில் எழுத வேண்டும். நான் சிடியைக் காட்டினேன். உள்ளே என்ன இருக்கிறது என்றார். சாப்ட்வேர் என்றேன். எத்தனை பீஸ் என்றார். மூன்று என்றேன். எடை என்ன என்றார்.

"அதுக்கு எடை கெடையாதுண்ணே" என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. துணி ரோல் நிறுக்கிற மெஷினில் சிடியை வைத்துப் பார்த்தார். முள் அசையவில்லை. சிடியை எடுத்துவிட்டும் பார்த்தார். அப்போதும் அசையவில்லை. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, அவருக்குக் கோபத்தை அடக்க முடியவில்லை. கடைசியில் நோட்டை என் பக்கம் திருப்பி வைத்துச் சொன்னார்: "உள்ள வர்றப்ப எழுதாத சாமான் வெளிய போறப்ப களவு சாமானாயிரும் அம்மிணி. மூணு சாப்ட்வேர், எடை நில்லுன்னு போட்டிருக்கறேன், கையெழுத்தப் போடுங்க."

ஏ, பி, சி

மூன்றில் ஒன்றை நானே தேர்ந்தெடுத்துச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். எங்கள் முதலாளியைத் தெரிந்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். துணிக்குச் சாயம் போடும் முன்னால் டையிங்கிலிருந்து லேப் டிப் வரும். ஒரே நிறத்தில் நூலிழை வித்தியாசத்தோடு மூன்று சின்னத் துண்டுகள், ஏ, பி, சி என்று எழுதி அட்டையில் ஒட்டியிருக்கும். பையர் அதில் ஒன்றை அப்ரூவ் செய்தால்தான் மேற்கொண்டு வேலை. வாழ்நாள் முழுக்க அடுத்தவரிடம் லேப் டிப் நீட்டிக்கொண்டிருந்த மனிதருக்கு, தன்னிடம் ஒருவர் லேப் டிப் நீட்ட வேண்டும் என்று ஆசை இருக்காதா? எடிட்டர்களின் பெயரெல்லாம் வேண்டாம், ஏ, பி, சி என்று ஒட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். நானும் இங்கே பெயர் சொல்லப் போவதில்லை. சொன்னால் அந்தந்த எடிட்டரின் பக்தர்கள் என் வீடு தேடி வந்துவிடுவார்கள்.

மூன்று எடிட்டர்களின் திரையையும் கலரில் பிரின்ட் எடுத்து அட்டையில் ஒட்டிக் கொடுத்தேன். அவர் அதை வாங்கிக்கொண்டு நேரே லைட் பாக்ஸுக்குப் போனார். அது நிறம் பார்ப்பதற்கான பெட்டி. பகல் வெளிச்சம், கடை வெளிச்சம், வீட்டு வெளிச்சம் என்று சுவிட்சுக்கு ஒரு விளக்கு எரியும். எடிட்டர் என்றால் எழுதிப் பார்க்க வேண்டும் சார் என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவே இல்லை. எல்லா விளக்கையும் மாற்றி மாற்றிப் போட்டு, அட்டையைச் சாய்த்துப் பார்த்து, கண்ணாடியைக் கழற்றிப் பார்த்து, அப்புறம் தீர்ப்புச் சொன்னார்: "ஏ நெம்ப டார்க்குங்க. பி-ல கலர் ஒண்ணோடொண்ணு எறங்கியிருக்குது. சி பரவால்ல, ஆனா ஒரு டோன் லைட்டா இருக்குது, ரீசப்மிட் பண்ணுங்க."

கரண்டு இருக்கும் வரை

சாயம் மாற்றி ரீசப்மிட் செய்ய நான் என்ன சாயப்பட்டறையா வைத்திருக்கிறேன்? எப்படியோ பேசி, ஆட்களிடம் கொடுத்து ஓட்டிப் பார்த்து முடிவு செய்யலாம் என்று சம்மதிக்க வைத்தேன். சோதனைக்குச் சிக்கியவர் புரொடக்‌ஷன் மேனேஜர் ராஜாமணி. மங்கலத்துக்காரர், நல்ல மனிதர். நல்ல மனிதர் என்பதால்தான் சிக்கினார்.

ஏ எடிட்டர் மகா கெட்டிக்கார எடிட்டர். பழகியவர்கள் அதில் மவுஸைத் தொடாமலேயே மின்னலாய் வேலை செய்வார்கள். பழகாதவர்களுக்கு ஒரு சிக்கல். சில சமயம் தட்டினால் எழுத்து விழும், சில சமயம் அதே எழுத்தைத் தட்டினால் அதைக் கட்டளை என்று எடுத்துக்கொண்டு இரண்டு வரியை அழித்துவிடும். ராஜாமணி காலையில் உட்கார்ந்து தையல் செக்‌ஷன் குறிப்புகளை அடித்தார். பாதி வந்தது, பாதி போனது. சரி, மூடிவிட்டுப் போகலாம் என்று பார்த்தால் மூட முடியவில்லை. மூடுவதற்கு ஒரு மந்திரம் உண்டு. அதை நான் தாளில் எழுதி அவரிடம் கொடுத்திருந்தேன். அவர் அதில் வடை மடித்துச் சாப்பிட்டுவிட்டார்.

என்னைத் தேடியிருக்கிறார். நான் பேக்கிங்கில் பிரின்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். சத்தம் போடத் தெரியாத மனிதர், கையைக் கட்டிக்கொண்டு திரைக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் வழக்கம்போலக் கரண்டு போனது. யு.பி.எஸ். முதலாளி ரூமுக்கு மட்டும்தான். ஜெனரேட்டர் போட்டுக் கம்ப்யூட்டர் திரும்ப வந்தபோது எடிட்டரைக் காணோம். நான் மூச்சிரைக்க ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டதற்கு, அவர் நிம்மதியாய்ச் சிரித்தார்: "எதுக்குங்க மன்னிப்பெல்லாம்? தொறக்கறதுக்கு நாம, மூடறதுக்கு ஈ.பி.காரன், அவ்வளவுதானுங்களே. பழகிக்கலாமுங்க."

ராஜாமணியின் டாக்டர்

பி எடிட்டர் இன்னொரு ரகம். எழுதுவது அதற்குத் தெரிந்த வேலைகளில் ஒன்று, அவ்வளவுதான். நாட்காட்டி உண்டு, கணக்கு உண்டு, விளையாட்டுகூட உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக உள்ளே ஒரு டாக்டர் உண்டு. நாம் இங்கிலீஷில் நம் கஷ்டத்தை அடித்தால், அதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்கும். யாரோ வேலை இல்லாத நேரத்தில் விளையாட்டுக்குச் செய்து வைத்தது. அதை ராஜாமணிக்குக் காட்டியது என் பொல்லாத புத்தி. "கஷ்டம் ஏதாவது இருந்தா சொல்லிப் பாருங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

கட்டிங்கில் துணி வரவில்லை என்று ஒரு வரி அடித்திருக்கிறார். துணி வராததைப் பற்றி இன்னும் சொல்லுங்கள் என்றது டாக்டர். டையிங்காரர் போனை எடுப்பதில்லை என்றார். அவர் போனை எடுக்காதது உங்களுக்கு எப்படி இருக்கிறது என்றது. அதோடு மனிதர் விழுந்துவிட்டார். மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுந்து வரவில்லை. லைன் சூப்பர்வைசர் இரண்டு முறை வந்து கூப்பிட்டும் நகரவில்லை. சாயங்காலம் முதலாளி வந்து பின்னால் நின்றபோது, திரையில் ஒரே ஒரு வரிகூடக் குறிப்பு இல்லை. அந்த மாதத்து ஷிப்மென்டின் சோகக் கதை முழுக்க இருந்தது. பி அன்றைக்கே ரிஜெக்ட். நான் வந்து மூடப்போனபோது ராஜாமணி கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தார்: "சித்த இருங்க அம்மிணி. இந்தக் கம்பெனியில எங்கிட்ட எப்பிடியிருக்கறேன்னு கேட்ட மொத ஆளு இவருதானுங்க."

அர்ஜென்ட்

ஆக, சி நின்றது. சாதுவான எடிட்டர். தட்டினால் எழுத்து விழும், மூடினால் மூடும். இனி அடுக்குகிற வேலை. ஒவ்வொரு ஸ்டைலுக்கும் ஒரு கோப்பு, முதல் வரியில் பையர் பெயர், அப்புறம் கழுத்து, கை, லேபிள் என்று வரிசை. எந்தச் சொல்லைக் கொடுத்துத் தேடினாலும் கிடைக்கும் என்று எல்லாரையும் நிற்க வைத்துப் பாடம் எடுத்தேன். தலையாட்டினார்கள். அடுத்த வாரம் ராஜாமணியின் கம்ப்யூட்டரைத் திறந்தால் மூன்றே மூன்று போல்டர். அர்ஜென்ட், வெரி அர்ஜென்ட், டாப் அர்ஜென்ட். முதல் இரண்டும் காலி. கம்பெனியின் சகலமும் மூன்றாவதில் கிடந்தது. அர்ஜென்ட் இல்லாத சங்கதிக்கு ஒரு போல்டர் போடலாமே என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்: "சாதாரணம்னு எழுதி வெச்சா அதை ஆருங்க தொறந்து பாப்பாங்க?"

முதலாளியின் பாதுகாப்பு

முதலாளிக்கு மட்டும் மனசு ஆறவில்லை. கம்ப்யூட்டருக்குள் இருப்பது கண்ணுக்குத் தெரியவில்லை என்பது அவர் குறை. காப்பி எடுத்து இரண்டு இடத்தில் வைத்திருக்கிறேன் சார், பயப்படாதீர்கள் என்றேன். இரண்டு இடத்தையும் காட்டச் சொன்னார். காட்டினேன். இரண்டும் ஒன்று போலத்தானே இருக்கிறது என்றார். ஆமாம், அதற்குப் பெயர்தான் காப்பி என்றேன். உடனே ஒரு உத்தரவு போட்டார்: "செரிங்க. எல்லாத்தையும் கம்ப்யூட்டர்லயே எழுதுங்க, தேடுங்க, அழிங்க. ஆனா டெய்லி பொழுதோட பிரின்ட் எடுத்து பைல் போட்டுருங்க."

செந்திலின் சத்தியாக்கிரகம்

எடிட்டர் தயார், போல்டர் தயார், ஜெர்மனிக்காரரின் பெயரில் கோப்பும் தயார். எழுத வேண்டியவர் எழுதவில்லை. செந்தில் அருமையாகப் பேசுவார். கழுத்துப் பட்டையைப் பற்றிக் கேட்டால் அரைமணி நேரம் கதை சொல்வார். விரல் மட்டும் கீபோர்டில் விழாது. ஒரு நாள் கை வலி, ஒரு நாள் பையரிடமிருந்து போன், ஒரு நாள் கணியூரில் மச்சினன் வீட்டு விசேஷம். ஷிப்மென்டைக் காரணம் சொல்லி இரண்டு வாரத்தை ஓட்டினார். அவர் சொல்வதைக் கேட்டு நானே அடித்துவிடலாம் என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தால், சட்டென்று உலகப் பொருளாதாரம் பேச ஆரம்பித்துவிடுவார்.

தீபாவளி நெருங்க நெருங்க எனக்குத் தூக்கம் கெட்டது. முதலாளி என்னைப் பார்க்கும்போதெல்லாம் காலண்டரையும் பார்த்தார். வீட்டில் அம்மா, இங்கே தண்ணீர் நன்றாக இருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்கம் என்று ஊருக்குப் போன் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாள். பொறுக்க மாட்டாமல் ஒரு நாள் செந்திலிடம் நேராகவே கேட்டுவிட்டேன். "ஏன் சார் எழுத மாட்டேங்கீங்க? எடிட்டர் புடிக்கலயா? வேற போட்டுத் தாரேன்." அவர் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, முதல் முறையாக உண்மையைச் சொன்னார்: "எடிட்டர் நல்லாத்தானுங்க இருக்குது ராணி. ஆனா எல்லாத்தையும் அதுல எறக்கி வெச்சுட்டா, அப்பறம் எனக்கு என்னத்துக்குங்க சம்பளம் தருவாங்க?"

தப்பாய் ஒரு சேம்பிள்

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நியாயத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? எனக்கு வேலை வேண்டும். அன்று பகல் முழுக்க யோசித்தேன். மெர்ச்சண்டைசருக்கு எழுத வராது என்பது பொய். நாள் பூராவும் எழுதுகிறார்களே! மாதிரிக்குத் தைத்த சேம்பிள் அவர்கள் மேஜைக்குப் போகும், அதில் இது கோணல், அது நீளம் என்று கமெண்ட்ஸ் எழுதுவார்கள். திருத்தி அனுப்பினால் மறுபடி கமெண்ட்ஸ். ஒரு தப்பைக் கண்ணெதிரே வைத்துவிட்டால் ஒரு மெர்ச்சண்டைசரால் சும்மா இருக்கவே முடியாது. மூக்கு நுனியில் ஈ உட்கார்ந்த மாதிரி ஆகிவிடுவார்.

மறுநாள் அவர் டீ குடிக்கப் போனபோது, அவருடைய கம்ப்யூட்டரில் ஜெர்மனிக்காரர் கோப்பைத் திறந்து நானே எழுதினேன். கழுத்துப் பட்டை இரண்டு அங்குலம் இருக்க வேண்டும். பையருக்குப் பளபளப்பான நூல் என்றால் உயிர். கைக்குழந்தை உடுப்பில் இரும்பு ஜிப் வைக்கலாம். இப்படியாக ஒரு பக்கம். திறந்தபடியே விட்டுவிட்டு என் இடத்துக்கு வந்து, ஒன்றும் தெரியாத பிள்ளை போல மவுஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கமிருந்து ஒரு அலறல். அப்புறம் டக்டக்கென்று கீபோர்டு சத்தம். அது சாயங்காலம் வரை நிற்கவில்லை.

அதிலிருந்து தினமும் ஒரு தப்புச் சேம்பிள் வைத்தேன், தினமும் கமெண்ட்ஸ் வந்தது. ஒரு வரி தப்புக்கு ஒரு பக்கம் திருத்தம். எந்த சீசனில் என்ன நடந்தது, பையரின் டிசைனர் ஏன் அழுதார், கடைசியில் எதை ஒத்துக்கொண்டார்கள் என்று வரலாறே வந்து விழுந்தது. எடிட்டரில் சிவப்பு மசி இல்லை என்பது ஒன்றுதான் அவருக்குக் குறை. தீபாவளிக்கு முந்தின வாரம், வேர்த்து விறுவிறுத்து என் முன்னால் வந்து நின்றார்: "தெரியாததை எழுதாதீங்க ராணி, எங்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்கன்னு எத்தனை தடவை சொல்றதுங்க? இப்பப் பாருங்க, எல்லாத்தையும் நானே ஒக்காந்து எழுத வேண்டியதாப் போச்சு!"

எதிர்க் கம்பெனியிலிருந்து ஒரு போன்

டீக்கடைக்காரர் சொன்னது பொய்க்கவில்லை. செந்தில் போனஸ் வாங்கினார், எனக்கும் ஒரு பெட்டி ஸ்வீட் கொடுத்தார், ரோட்டைத் தாண்டி எதிர்க் கம்பெனியில் போய் உட்கார்ந்தார். திங்கட்கிழமை ஜெர்மனிக்காரரின் ஆள் போனில் வந்து, போன வருஷக் கைநீளத்தில் ஏதோ கேட்டார். முதலாளி என் நாற்காலிக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். நான் சொல்லைக் கொடுத்துத் தேடினேன். செந்திலின் கமெண்ட் வந்து நின்றது. படித்தேன். மறுமுனையில் கரெக்ட் என்றார்கள். முதலாளி விட்ட மூச்சில் மேஜை மேலிருந்த தாளெல்லாம் பறந்தது.

அதற்குப் பிறகு எல்லாருக்கும் தேடல் பிடித்துப்போனது. தேடுகிற வசதி எல்லார் கம்ப்யூட்டரிலும் இருந்தது. ஆனால் எல்லாரும் கடைப்பிடித்த முறை, உட்கார்ந்த இடத்திலிருந்தே "ராணீ" என்று கூப்பிடுவதுதான். ஒரு நாள் அந்தக் கூப்பாடு போனில் வந்தது. குரல் தணிந்திருந்தது, ஆனால் யாரென்று தெரிந்துவிட்டது. செந்தில்தான்: "ராணி, அந்த ஜெர்மன்காரரு லேபிளை எடப்பக்கம் கேட்டாருங்களா, வலப்பக்கமா? எழுதி வெச்சதும் தலையில இருந்து போயிருச்சுங்க. நான் எழுதினதுதானுங்களே, சித்த படிச்சுக் காட்டுங்க."

புதுப் பயம்

படித்துக் காட்டவில்லை. நானென்ன அவ்வளவு நல்லவளா? அடுத்த நாள் எதிர்க் கம்பெனி மேனேஜரே என்னைக் கூப்பிட்டார். அங்கேயும் ஆட்களின் தலையை இறக்கி வைக்க ஒருத்தர் வேண்டுமாம், வருகிறாயா என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. திருப்பூரில் டையிங்குக்குப் போன துணி திரும்பி வரத்தான் நாளாகும், பேச்சுக்கு அந்தத் தாமதம் கிடையாது. சாப்பாட்டு நேரத்துக்குள் முதலாளி என்னை வரச் சொல்லிவிட்டார். தொலைந்தோம் என்றுதான் போனேன். விசுவாசம் இல்லாதவள் என்று சீட்டைக் கிழித்துவிடுவார், வேலை முடிந்த பிறகு சிஸ்டத்துக்கு ஆள் எதற்கு என்றும் நினைப்பார்.

அவர் எழுந்து வந்து தானே நாற்காலியை இழுத்துப் போட்டார். டீ சொன்னார். எடிட்டரைப் புகழ்ந்தார், என்னைப் புகழ்ந்தார், எங்கள் சாத்தான்குளத்தையே புகழ்ந்தார். அப்புறம் மெல்ல விஷயத்துக்கு வந்தார். செந்தில் தலையில் இருந்ததெல்லாம் கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டது, ஆனால் எது எந்தக் கோப்பில் எங்கே இருக்கிறது என்பது என் தலையில் மட்டும்தானே இருக்கிறது என்றார். அவர் கண்ணில் இருந்தது கோபமில்லை, பயம். எனக்கு அப்போதுதான் புரிந்தது. இனி யாரும் என்னை எந்த வண்டியிலும் ஏற்றப் போவதில்லை.

"அந்தத் தலையை எறக்கி வெக்கறதுக்கு ஏதாச்சும் எடிட்டர் இருக்குதுங்களா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். முகத்தை முடிந்த மட்டும் சோகமாக வைத்துக்கொண்டு, "அப்படி ஒண்ணு இன்னும் யாரும் செய்யல சார்" என்றேன். அவர் பெருமூச்சு விட்டுவிட்டு, என் பக்கமாகக் குனிந்து ரகசியமாய்ச் சொன்னார்: "வந்துதுன்னா மொதல்ல எங்கிட்டச் சொல்லிப்போடுங்க அம்மிணி. அது வரைக்கும் நீங்க லீவெல்லாம் போடாதீங்க, எனக்குத் தூக்கம் வராதுங்க."

மூன்று எடிட்டர்களோடு மல்லுக்கட்டி நான் கற்றது இவ்வளவுதான்: குறிப்புகளை எதில் வேண்டுமானாலும் எழுதுங்கள், எழுதினது எங்கே இருக்கிறது என்பதை மட்டும் எங்கேயும் எழுதி வைத்துவிடாதீர்கள்.